‘கிலாங்’ என்று சொன்ன பிள்ளை ஏன் பேசாமல் போனாள்?

கேள்வி: வணக்கம் டீச்சர். நான் ஆசிரியர் கல்விக் கழகத்தில் இறுதியாண்டு மாணவன். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு சின்னத் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியில் 12 வாரப் பயிற்றுப்பணியில் இருக்கிறேன். இது ஐந்தாம் வாரம். இரண்டாம் ஆண்டுக்குத் தமிழ்மொழி. வகுப்பில் 14 பிள்ளைகள். போன வாரம் விரிவுரையாளர் பார்வையிட வந்தார். அன்றைக்குப் பார்த்து புரொஜெக்டர் வேலை செய்யவில்லை. பாடத்தைத் தொடங்கிவைக்கும் பீடிகையிலேயே இருபது நிமிடம் போய்விட்டது. அப்புறம் அவர் என் பாடக்குறிப்புகளைப் புரட்டினார். பாடம் முடிந்ததும் அதைத் திரும்பிப் பார்த்து எழுதும் சிந்தனை மீட்சியில் நான் தினமும் எழுதுவது, “14 மாணவர்களில் 11 பேர் பாட நோக்கத்தை அடைந்தனர். 3 மாணவர்களுக்குக் குறைநீக்கல் நடவடிக்கை வழங்கப்பட்டது.” அதன் பக்கத்தில் “இது கணக்கு. சிந்தனை எங்கே?” என்று சிவப்பு மையில் எழுதிவிட்டுப் போனார். இனி என்ன எழுதுவது என்றே தெரியவில்லை.

இன்னொன்று. மூன்றாம் வாரம் தொழில்கள் பற்றிப் பாடம் நடத்தியபோது, “எங்கம்மா கிலாங்ல வேலை செய்றாங்க சார்” என்றாள் ஒரு பிள்ளை. “கிலாங் என்று சொல்லக் கூடாது, தொழிற்சாலை” என்று திருத்தி, வகுப்பு முழுவதையும் மூன்று தடவை சொல்ல வைத்தேன். அன்றிலிருந்து என்ன கேட்டாலும் அவள் சொல்வது “தெரியாது சார்” மட்டும்தான். நான் இந்த வேலைக்குத் தகுதியானவன்தானா, டீச்சர்?

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். சிவப்பு மை ஒரு சங்கதி, அந்தப் பிள்ளை வேறொரு சங்கதி என்று பிரித்து எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் படுகிறது. “சிந்தனை எங்கே?” என்று அவர் கேட்டதற்குப் பதில் உங்கள் கடிதத்தின் இரண்டாம் பத்தியிலேயே இருக்கிறது. ஒரு பிள்ளை என்ன சொன்னாள், நீங்கள் என்ன செய்தீர்கள், அதற்குப் பிறகு அவளிடம் என்ன மாறியது என்று மூன்றையும் வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். சிந்தனை மீட்சி என்பது அதுதான். எனக்கு எழுதியதைப் பாடக்குறிப்பில் எழுதாமல் விட்டுவிட்டீர்கள், அவ்வளவுதான்.

ஏன் எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். பாடக்குறிப்பின் அடியில் அந்தக் கட்டம் இரண்டு விரற்கடை அகலம் இருக்கும். வாரக் கடைசியில் அந்தப் புத்தகம் தலைமையாசிரியர் மேசைக்குப் போகும். அங்கே போகிற தாளில் “இன்று என்னால் ஒரு பிள்ளை வாய் மூடிவிட்டாள்” என்று யார் எழுதுவார்? நானும் எழுதியதில்லை. எண்ணிக்கை எழுதினால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். நாளாக நாளாக அதுவே கைப்பழக்கம் ஆகிவிடும். அப்புறம் வகுப்பைப் பார்க்காமலேயே அந்த வாக்கியத்தை எழுதிவிடலாம். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

அந்த 11 எங்கிருந்து வந்தது? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் நாம் கேள்வி கேட்போம், முன்வரிசையில் நான்கு கைகள் எழும். அவர்கள் சரியாகச் சொல்லிவிட்டால் “எல்லாருக்கும் புரிந்ததா?” என்போம். “புரிந்தது சார்” என்று வகுப்பே கத்தும். அந்தச் சத்தத்தில் 11 பேர் தேறிவிடுவார்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது அடுப்படிக்குச் சரி. வகுப்பில் 14 பிள்ளைகள் என்றால் 14 பானை. முன்வரிசைப் பானை வெந்திருப்பதை வைத்துக் கடைசி வரிசைப் பானையை இறக்க முடியாது.

இது வெறும் மனசாட்சி விஷயமும் இல்லை. ஆறாம் ஆண்டில் எழுதிய யுபிஎஸ்ஆர் அரசுத் தேர்வை 2021-இல் எடுத்துவிட்டார்கள். இப்போது தொடக்கப்பள்ளிப் பிள்ளையைப் பற்றிப் பெற்றோருக்குப் போகும் செய்தியில் பெரும்பங்கு வகுப்பறை மதிப்பீட்டிலிருந்துதான் வருகிறது. ஒன்று முதல் ஆறு வரை அடைவுநிலை போடுவது வகுப்பு ஆசிரியரின் கண்ணும் காதும்தான். நீங்கள் குத்துமதிப்பாக 11 என்று எழுதினால், நாளைக்கு அடைவுநிலை 3 என்று போடுவதும் குத்துமதிப்பாகத்தான் இருக்கும். அந்த எண்ணை நம்பி ஓர் அம்மா தன் பிள்ளையைப் பார்ப்பார்.

சரி, அந்த ‘கிலாங்’ பாடத்துக்கு வருவோம். அந்த அரை நிமிடத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். எட்டு வயதுப் பிள்ளை ஒருத்தி கை தூக்கித் தன் அம்மாவைப் பற்றிச் சொல்ல வந்தாள். நீங்கள் கேட்ட கேள்விக்கு அவள் சொன்னது சரியான பதில். முழு வாக்கியம் வேறு. நீங்கள் அவள் அம்மாவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, ஒரு சொல்லை மட்டும் எடுத்துத் திருத்தினீர்கள். அதோடு நிற்காமல், மற்ற 13 பேரையும் மூன்று முறை சொல்ல வைத்தீர்கள். உங்களுக்கு அது உச்சரிப்புப் பயிற்சி. அவளுக்கோ தான் செய்த தவற்றை வகுப்பே சேர்ந்து மூன்று முறை கத்திய மாதிரி இருந்திருக்கும்.

அந்தச் சொல் அவள் வாய்க்கு எப்படி வந்தது என்பதையும் யோசியுங்கள். நீங்கள் இருக்கிற ஊரில் ஒரு காலத்தில் பால்மரம், அதாவது ரப்பர்தான் சோறு போட்டது. அப்புறம் செம்பனை வந்தது, தொழிலாளர்கள் குடியிருந்த லயங்கள் காலியாயின, பிள்ளைகள் டவுன் பக்கம் போனார்கள், தொழிற்சாலை வேலை வந்தது. வேலை தந்த இடத்தின் பெயரும் ‘கிலாங்’ என்று மலாய் மொழியிலேயே வீட்டுக்குள் வந்துவிட்டது. நம் தாத்தா பாட்டி மேற்பார்வையாளரை மண்டோர் என்றும் கணக்கரைக் கிராணி என்றும் சொன்னார்கள். அவற்றைத் தமிழென்றே நினைத்துத்தான் நானும் வளர்ந்தேன். அவள் வீட்டில் விடியற்காலை வேன் வந்ததும் அம்மா, “நான் கிலாங்குக்குப் போயிட்டு வரேன்” என்றுதான் சொல்லிவிட்டுப் போவார். அந்தச் சொல்லைச் ‘சொல்லக் கூடாது’ என்று நீங்கள் சொன்னது அவள் காதில் எப்படி விழுந்திருக்கும்?

தொழிற்சாலை என்ற சொல்லை அவளுக்குக் கற்றுத்தரத்தான் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. அந்தச் சொல் தெரியாமல் அவளால் நாலாம் ஆண்டுக் கட்டுரையை எழுத முடியாது. தமிழ்ப்பள்ளி அதைச் சொல்லித்தராவிட்டால் வேறு யார் சொல்லித்தருவார்கள்? முன்பின் வரிசைதான் கேள்வி. “அப்படியா, அம்மா தொழிற்சாலையில் வேலை செய்கிறாரா? அங்கே என்ன செய்வார்?” என்று கேட்டிருந்தால் போதும். புதுச் சொல் அவள் காதில் விழுந்திருக்கும். அவள் சொல்ல வந்ததும் உங்களுக்குக் கேட்டிருக்கும். அடுத்த வாக்கியத்தில் அவளே “தொழிற்சாலையில” என்று தொடங்கியிருக்கவும் கூடும். தொடங்காவிட்டாலும் பரவாயில்லை, நாளைக்கு இன்னொரு தடவை கேட்கலாம்.

என் கதை ஒன்றையும் சொல்கிறேன். நான் மக்தாப்பில், அதாவது ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்த காலத்தில், எண்பதுகளில், ஒரு தோட்டப் பள்ளிக்குத்தான் பயிற்றுப்பணிக்குப் போனேன். தகரக் கூரை, ஒரு பக்கம் முழுவதும் திறந்த சன்னல். மூன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளை கரும்பலகையில் நான் எழுதியதில் கீழே உள்ள நான்கு வரிகளை மட்டும் எழுதுவாள். மேலே உள்ளதை விட்டுவிடுவாள். தினமும் இதே கதை. ‘கவனக்குறைவு’ என்று குறிப்பில் எழுதினேன். இரண்டு வாரம் அதையே எழுதினேன். ஒரு நாள் அவளைத் திட்டியும் விட்டேன்.

என் வழிகாட்டி ஆசிரியை வயதானவர், அதிகம் பேச மாட்டார். ஓய்வுநேரத்தில் என்னைக் கூப்பிட்டு, “அவ நாற்காலில போய் உட்காரு” என்றார். உட்கார்ந்தேன். காலை ஒன்பதரை மணி வெயில் சன்னல் வழியாக வந்து கரும்பலகையின் மேல்பாதியில் அடித்தது. அங்கிருந்து பார்த்தால் வெள்ளையாக மினுங்கியதே தவிர ஓர் எழுத்தும் தெரியவில்லை. அந்தப் பிள்ளை தனக்குத் தெரிந்ததையெல்லாம் ஒழுங்காக எழுதியிருக்கிறாள். அவளுக்கு என்ன தெரிகிறது என்று நான்தான் ஒரு நாளும் பார்க்கவில்லை. அவளை இரண்டு மேசை தள்ளி உட்கார வைத்தேன். மறுநாள் முழுப் பக்கமும் எழுதினாள். நான் எழுதிய ‘கவனக்குறைவு’ என்ற சொல் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. அது அவளைப் பற்றியது இல்லை, என்னைப் பற்றியது.

அதனால் உங்களுக்கு நான் கொடுக்கும் முதல் வேலை எழுத்து வேலை இல்லை. நாளை பள்ளி முடிந்ததும், பிள்ளைகள் வேன் ஏறிப் போன பிறகு, அந்தப் பிள்ளையின் நாற்காலியில் ஐந்து நிமிடம் உட்காருங்கள். நீங்கள் நிற்கும் இடத்தை அங்கிருந்து பாருங்கள். அவளுக்கு முன்னால் யார் தலை மறைக்கிறது, பக்கத்தில் யார் இருக்கிறார்கள், நீங்கள் கேள்வி கேட்கும்போது உங்கள் முகம் எந்தப் பக்கம் திரும்பும் என்றெல்லாம் பாருங்கள்.

எழுதுவதற்கு மளிகைக் கடைக்குப் போய் ஒரு 555 நோட்டு வாங்குங்கள். கடன் கணக்கு எழுதும் அதே சின்ன நோட்டுத்தான். சட்டைப் பையில் அடங்கும், தலைமையாசிரியர் மேசைக்கும் போகாது. தினமும் ஓய்வுநேரத்தில், கேன்டீனுக்குப் போகும் முன்னால், ஒரே ஒரு பிள்ளையைப் பற்றி நான்கு வரி எழுதுங்கள். இரவு வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று தள்ளிப் போடாதீர்கள். இரவில் எழுதினால் உங்கள் மனநிலையைத்தான் எழுதுவீர்கள். ‘மனம் உடைந்தேன்’, ‘வகுப்பு உற்சாகமாக இருந்தது’ என்று வந்து நிற்கும். கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதும்தான் எனக்கு வேண்டும். அவள் சொன்ன சொல்லை அவள் சொன்னபடியே எழுதுங்கள். அதற்குச் சற்று முன்னால் நீங்கள் செய்ததையும் எழுதுங்கள். பலர் விட்டுவிடுவது இந்த இரண்டாவதைத்தான். பிள்ளையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள், தங்களைப் பற்றி ஒரு வரி இருக்காது.

ஒரு மாதிரி தருகிறேன். “வாசிப்பு. இரண்டாம் பத்தியை வாசிக்கச் சொன்னேன். ‘க’ வாசித்தான். ‘பறவை’ என்பதைப் ‘பரவை’ என்றான். உடனே குறுக்கிட்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு சொல்லுக்கும் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தான். நாளை வாக்கியம் முடியும் வரை குறுக்கிடக் கூடாது.” இவ்வளவுதான். இதில் கடைசி வரி முக்கியம். அது நாளைக்கு நீங்கள் செய்யப் போகும் ஒரே ஒரு மாற்றம். ஐந்து மாற்றம் எழுதினால் ஒன்றையும் செய்ய மாட்டீர்கள். மறுநாள் அதே இடத்தில் என்ன நடந்தது என்று ஒரு வரி சேருங்கள். மாற்றம் பலிக்காவிட்டால் அதையும் எழுதுங்கள், அந்த வரிகளும் உங்களுக்குப் பயன்படும்.

பெயர் எழுத வேண்டாம். ஓர் எழுத்துப் போதும். நோட்டு எங்கேயாவது விழுந்துவிட்டால் ஒரு பிள்ளையின் வீட்டுச் சங்கதி ஊருக்குத் தெரியக் கூடாது. சின்ன ஊர் வேறு. பயிற்றுப்பணிக் கோப்பில் சேர்க்கும்போதும் இதே கவனம் வேண்டும்.

பாடக்குறிப்பில் உள்ள கட்டத்தையும் விட்டுவிட முடியாது. எண்ணிக்கை கேட்டால் எண்ணிக்கை கொடுங்கள். ஆனால் எண்ணிவிட்டுக் கொடுங்கள். பாடம் முடியும் முன் மூன்று நிமிடம் ஒதுக்கி, ஒவ்வொரு பிள்ளையும் சின்னத் தாளில் ஒரு வாக்கியம் எழுதட்டும். 14 தாள்தானே, ஓய்வுநேரத்திலேயே பார்த்துவிடலாம். 40 பேர் உள்ள டவுன் பள்ளியில் இருப்பவருக்கு இந்த வசதி கிடையாது. அப்புறம் எண்ணிக்கைக்குக் கீழே 555 நோட்டிலிருந்து இரண்டு வரியை எடுத்து எழுதுங்கள். உங்கள் விரிவுரையாளர் கேட்டது அந்த இரண்டு வரியைத்தான் என்று நினைக்கிறேன்.

‘தெரியாது சார்’ பற்றி இன்னொன்று. அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற அறிவியல் கல்வி ஆய்வாளர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டு ஒன்றைக் கண்டுபிடித்தார். ஆசிரியர் கேள்வி கேட்ட பிறகு பதிலுக்குக் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு விநாடி அளவுதான். அதை மூன்று விநாடி அளவுக்கு நீட்டியபோது பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, பதில் சொல்லாமல் இருப்பது குறைந்தது. மூன்று விநாடி என்பது எண்ணிப் பார்த்தால் நீளமானது. விரிவுரையாளர் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது யுகமாகத் தெரியும். நான் காலணிக்குள் கால்விரலை ஒவ்வொன்றாக அழுத்தி எண்ணுவேன். பிள்ளைக்குத் தெரியாது. வீட்டில் ஒரு மொழியாகவும் பள்ளியில் மூன்று மொழியாகவும் வாழும் நம் பிள்ளைகளுக்கு அந்த நேரம் இன்னும் கூடுதலாகத் தேவை. அவள் மனத்தில் முதலில் ‘கிலாங்’ வரும். அது வேண்டாமென்று தள்ளிவிட்டுத் தமிழ்ச் சொல்லைத் தேட வேண்டும். தேடும் முன்பே நீங்கள் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டுவிட்டால் ‘தெரியாது’ என்பதுதான் அவளுக்குச் சுலபமான வழி.

வழிகாட்டி ஆசிரியரைப் பற்றி நீங்கள் ஒன்றுமே எழுதவில்லை. அவர் உங்கள் வகுப்பில் வந்து உட்காருவாரா? வந்தால், “என் பாடத்தைப் பாருங்கள்” என்று கேட்காதீர்கள். கேட்டால் குரல் போதவில்லை, எழுத்து சாய்கிறது என்று உங்களைத்தான் பார்ப்பார். “நான் முன்னால் பேசும்போது கடைசி வரிசை என்ன செய்கிறது என்று மட்டும் பாருங்கள்” என்று கேளுங்கள். அது உங்கள் கண்ணுக்கு எட்டாத இடம். ஆசிரியர் எண்ணிக்கை குறைந்த பள்ளியில் அவருக்கும் நேரம் இருக்காது. பத்து நிமிடம் கேட்டால் மறுக்க மாட்டார்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தாலே தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று மலாயாவின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. பள்ளிகள் வந்தன. பல தோட்டங்களில் பாடம் சொல்லித்தந்தவர் கங்காணி, இல்லாவிட்டால் கிராணி. அவர்கள் பின்னால் உட்கார்ந்து பார்க்க யாரும் இல்லை. 150 பேருக்கும் குறைவான பிள்ளைகள் இருக்கும் நம் சின்னப் பள்ளிகளில் இன்றைக்கும் ஓர் ஆசிரியர் பெரும்பாலும் தனியாகத்தான் கதவைச் சாத்திப் பாடம் நடத்துகிறார். இன்னொருவர் கண் உங்கள் வகுப்புக்குள் அடிக்கடி வருவது இந்த 12 வாரத்தில்தான். நிரந்தர வேலைக்கு வந்த பிறகு கேட்டாலும் அவ்வளவு எளிதில் கிடைக்காது.

புரொஜெக்டரை விடுங்கள். அது எல்லாருக்கும் நடக்கும். அடுத்த தடவை ஒரு படத்தைக் கையில் வைத்துக்கொண்டு பீடிகையை ஐந்து நிமிடத்தில் முடியுங்கள்.

தகுதியானவன்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். ஐந்தாம் வாரத்தில் அதற்குப் பதில் சொல்ல எனக்கு உரிமை இல்லை, உங்களுக்கும் இல்லை. நான் ஒன்றை மட்டும் கவனித்தேன். அந்தப் பிள்ளை பேசுவதை நிறுத்தியது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. பேசாத பிள்ளையை ‘அமைதியான பிள்ளை’ என்று பாராட்டி, வருடம் முழுவதும் அப்படியே விட்டுவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் இரண்டு வாரமாக அதைச் சுமந்துகொண்டிருக்கிறீர்கள். அந்தச் சுமை உங்களைத் தூங்க விடாமல் செய்தால் மட்டும் போதாது. திங்கள்கிழமை காலை அவளுக்காக ஏதாவது செய்ய வைக்க வேண்டும்.

என்ன செய்வது? வகுப்பின் முன்னால் மன்னிப்புக் கேட்காதீர்கள். எல்லார் கண்ணும் மறுபடி அவள் மேல் விழும், அது அவளுக்கு இன்னொரு தண்டனை. பிள்ளைகள் எழுதிக்கொண்டிருக்கும்போது அவள் மேசைப் பக்கத்தில் குனிந்து உட்காருங்கள், நின்றபடி பேசாதீர்கள். “அன்றைக்கு அம்மா வேலையைப் பற்றிச் சொன்னாய், நான் சரியாகக் கேட்கவில்லை. அங்கே அம்மா என்ன செய்வார்?” என்று மெல்லக் கேளுங்கள். அவள் கிலாங் என்றே சொல்லட்டும். பதில் வராவிட்டால் வற்புறுத்தாமல் எழுந்து போங்கள், இரண்டு நாள் கழித்து மறுபடி உட்காருங்கள். படம் வரையச் சொன்னாலும் நல்லது. இந்த வயதுப் பிள்ளைகள் சிலர் கையால்தான் முதலில் பேசுவார்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. அவள் உங்களிடம் மட்டும்தான் பேசவில்லையா, திடலில் தோழிகளிடமும் பேசவில்லையா என்று பாருங்கள். மற்ற ஆசிரியர்களிடமும் விசாரியுங்கள். எங்கேயும் பேசவில்லை என்றால் காரணம் உங்கள் பாடம் மட்டுமாக இருக்காது. காது கேட்பதில் சிக்கல் இருக்கலாம், வீட்டில் ஏதாவது நடந்திருக்கலாம். அப்போது நீங்களாக வீட்டுக்குப் போய் விசாரிக்க வேண்டாம். வகுப்பாசிரியரிடமும் வழிகாட்டி ஆசிரியரிடமும் சொல்லுங்கள். 555 நோட்டில் நீங்கள் எழுதிய வரிகள் அங்கே மிகவும் உதவும், ஏனென்றால் எந்த நாள் என்ன நடந்தது என்று அதில் இருக்கும்.

அவளுடைய அம்மா அந்தத் தொழிற்சாலையில் என்ன வேலை செய்கிறார் என்று தெரிந்ததும் எனக்கு எழுதுங்கள், தம்பி. காத்திருக்கிறேன்.